மட்கார்டு மகாத்மியம்

உங்களுக்கும் நடந்திருக்கும். புதுச் சட்டை. இடது கை ஒரு இன்ச் நீளம். டெய்லரிடம் எடுத்துக்கொண்டு ஓடுகிறீர்கள். அவர் சட்டையைப் பார்ப்பதில்லை. உங்களைப் பார்க்கிறார். மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, 'சட்டை கரெக்ட்டா இருக்கு சார். உங்க தோள்பட்டைதான் ஒரு பக்கம் இறங்கியிருக்கு' என்கிறார்.

பழைய கார்களுக்குப் புது பாடி பார்ட்ஸ் விற்பவர்கள் அத்தனை பேரும் இந்த டெய்லரிடம் தொழில் பழகியவர்கள். மூன்று வருடம் அவர்களோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன். இதில் கொடுமை என்னவென்றால், சில சமயம் டெய்லர் சொல்வது நிஜமாகவும் இருந்து தொலைக்கிறது.

கார் என்னுடையது அல்ல, மாமனாருடையது. 1965 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு, 948 சி.சி. இன்ஜின். 1969-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். 'ஸ்டாண்டர்டா, அது எந்த ஊர் கார்?' என்று கேட்கும் இளைய தலைமுறைக்கு: நம்ம ஊர் கார்தான் தம்பி. அம்பாசிடர் கல்கத்தாக்காரர், ஃபியட் பம்பாய்க்காரர், ஹெரால்டு வண்டலூர்க்காரர். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை 1961-லிருந்து மெட்ராஸில் செய்தார்கள். வெறும் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஆட்டோக்காரர்களே பொறாமைப்படும் சமாசாரம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்தில் அந்தக் கார் ஸ்டியரிங் வரைக்கும் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். இன்ஜினைப் பிரித்து மேய்ந்தோம். ஸ்டார்ட் ஆனதும் கைதட்டினோம். தகரத்தை யாரும் பார்க்கவில்லை. துரு வெளியிலிருந்து வருவதில்லை சார், உள்ளேயிருந்து வருகிறது. இரண்டு தகடுகள் ஒட்டும் மடிப்பில் சேறு தங்கி, சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. 2021-ல் ஒருநாள் காரைத் துடைத்துக்கொண்டிருந்த என் கையோடு இடது மட்கார்டின் அடிப்பாகம் வந்துவிட்டது. அப்பளம் மாதிரி.

நான் பி.காம். எந்தப் பிரச்னையையும் பேப்பரில் இரண்டு காலம் போட்டுத்தான் யோசிக்க வரும். புதுப்பேட்டையில் அலைந்து, அடிபட்டாலும் பரவாயில்லை என்று பழைய ஒரிஜினல் தேடலாம். தகட்டைக் கையாலேயே தட்டி உருவாக்கிக் கொடுப்பவர்களிடம் போகலாம். அல்லது, டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாக மட்கார்டு செய்து விற்கிறார்களே, அதை வரவழைக்கலாம். (இரண்டு கதவு ஹெரால்டுக்குத்தான் இந்தச் சலுகை. நாலு கதவு ஹெரால்டை நாம் மட்டும்தான் செய்தோம். அதன் பின்கதவை உலகத்தில் எந்தக் கடையிலும் கேட்டுப் பிரயோஜனமில்லை.) 'ஃபாரின் ஐட்டம்' என்ற இரண்டு வார்த்தைகள் ஒரு காமர்ஸ் பட்டதாரியின் மூளையை எப்படி மழுங்கடிக்கும் என்பதற்கு நானே சாட்சி. விலை 24,000 ரூபாய். ஃபிரைட், கஸ்டம்ஸ் எல்லாம் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்தபோது 41,000.

பெட்டியைப் பிரித்ததும், அடடா! கறுகறுவென்று பிரைமர் பூசி, வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது. டைனிங் டேபிளில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தேன். 'பேசாம இதை ஹால்ல மாட்டிடுங்க' என்றாள் மனைவி. கிண்டல்தான். ஆனால், பின்னால் யோசித்தால் அதைவிடச் சரியான விமரிசனத்தை யாரும் சொல்லவில்லை. அந்த மட்கார்டு அழகாக இருந்தது. தனியாக இருக்கும்வரை.

இங்கேதான் முதல் ஏமாற்று. அந்தக் கறுப்பு பிரைமர் பெரும்பாலும் வழித்துணைக்குப் பூசியது. கப்பலில் வரும்போது துருப்பிடிக்காமல் இருந்தால் போதும், அவ்வளவுதான் அதன் வேலை. சுரண்டிவிட்டு நல்ல பிரைமர் அடிக்கவேண்டும். அது தெரியாமல் அதன் மேலேயே பெயின்ட் அடித்துவிட்டு, இரண்டு மழைக்காலம் கழித்துக் கொப்புளம் கிளம்பும்போது பெயின்ட் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் உண்டு.

டிங்கரிங் பாய்க்கு அறுபது வயசிருக்கும். மட்கார்டின் அழகை அவர் ஒரு விநாடிகூட ரசிக்கவில்லை. பழசைக் கழற்றினார். புதுசை வைத்து இரண்டு கிளாம்ப் போட்டார். பத்தடி பின்னால் போய் நின்று ஒரு பீடி முடியும்வரை பார்த்தார். 'இது வேற ஏதோ வண்டிக்குப் பொறந்தது சார்' என்றார்.

ஹெரால்டின் முன்பக்கம் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் இந்தச் சோகம் உங்களுக்குப் புரியும். மற்ற கார்களில் பானெட் தனி, மட்கார்டு தனி. ஹெரால்டில் பானெட், இரண்டு மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து ஒரே கூடு. முதலை வாயைத் திறப்பதுபோல மொத்த மூஞ்சியும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக்குக்கு சொர்க்கம், டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். டிங்கருக்கு நரகம். ஒரு மட்கார்டு நாலு மில்லிமீட்டர் தப்பினால் அந்தத் தப்பு அங்கேயே நிற்காது. மொத்தக் கூடும் முறுக்கிக்கொள்ளும். எதிர்ப்பக்கத்தில் நல்லபடியாக இருந்த இடைவெளியும் கெட்டுப்போகும்.

எங்கள் காரில் தப்பு நாலு அல்ல. மூடிய பானெட்டின் பின்விளிம்புக்கும் கதவுக்கும் நடுவே இருந்த சந்து, மேலே இருந்ததைவிடக் கீழே ஒன்பது மில்லி அதிகம். ஹெட்லைட் ஓட்டை ஒரு சுற்று சாய்வு. பக்கவாட்டில் ஓடும் அந்த மடிப்புக்கோடு பழசில் இஸ்திரி போட்ட பேன்ட் மாதிரி கூர்மையாக இருந்தது. புதுசில் அதே பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் தூங்கியதுபோல மொழுக்கென்று இருந்தது.

ஏன் இப்படி? சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பாதிதான் சரி. கார் கம்பெனி ஒரு மட்கார்டு செய்யும்போது கெட்டியான ஸ்டீலில் டை செய்கிறது. ஒரே அடியில் இல்லை, மூன்று நாலு பிரஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, கடைசி அடியில் ஓரத்தைக் கூர்மையாக்குகிறது. அந்த டைக்கு ஆகும் பெருஞ்செலவைப் பல்லாயிரம் கார்களின் தலையில் பிரித்துக் கட்டிவிடலாம். இன்றைக்கு ஹெரால்டு மட்கார்டுக்கு எத்தனை பேர் வரப்போகிறார்கள்? உலகம் முழுக்கச் சேர்த்தால் சில நூறு பேர். அதற்கு அந்த ஸ்டீல் டை கட்டுப்படியாகாது. ஸோ, மிருதுவான உலோகத்தில் மலிவாக ஒரு டை. நாலு அடிக்குப் பதில் ஒரே அடி. மீதியைக் கையால் தட்டல். மிருதுவான டையில் கூர்மை வராது. ஒரே அடியில் ஆழமாக இழுத்தால் தகடு ஓரிடத்தில் இளைத்து இன்னோரிடத்தில் சுருங்கும். பிரஸ்ஸை விட்டு வெளியே வந்ததும் ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் பின்வாங்கும். இதெல்லாம் கணக்கு, யார்மேலும் குற்றமில்லை.

குற்றம் வேறு இடத்தில். டை செய்ய ஒரு மாதிரி வேண்டுமில்லையா? எங்கேயோ கிடைத்த ஒரு பழைய மட்கார்டை அச்சு எடுக்கிறார்கள். அந்த மட்கார்டு தன் வாழ்நாளில் எத்தனை மரத்தில் மோதியது, யார் தட்டி நிமிர்த்தியது என்று கேட்பவர் இல்லை. யாரோ ஒரு டிங்கர் என்றைக்கோ அவசரத்தில் விட்ட கோணல், ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு உலகம் சுற்றுகிறது. போகட்டும். செய்து முடித்ததும் ஒரே ஒரு காரில், வேண்டாம், ஒரே ஒரு தடவை மாட்டிப் பார்த்தார்களா? 'ஹெரால்டு மட்கார்டு' என்று லேபிள் ஒட்டி விற்கும் ஒரு பொருளை ஒரு ஹெரால்டில்கூட வைத்துப் பார்க்காமல் விற்பதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

போட்டோ எடுத்துக் கடைக்கு ஈ-மெயில் போட்டேன். பதில் மரியாதையாக வந்தது. 'உங்கள் கார் எப்போதாவது விபத்தில் சிக்கியிருக்கலாம். அடிச்சட்டத்தைச் சோதிக்கவும்.' வந்துவிட்டார் டெய்லர்!

கோபத்தோடு பாயிடம் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. பேசாமல் காருக்கு அடியில் படுத்தார். ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து. 'பொசுக்' என்று சத்தம். 'சார், வெள்ளைக்காரன் பொய் சொல்லலை.'

இதற்கு ஒரு குட்டி சரித்திரம் தேவைப்படுகிறது. 1953-ல் ஃபிஷர் அண்டு லட்லோ என்ற பெரிய பாடி கம்பெனியை பி.எம்.சி. வாங்கிவிட்டது. போட்டியாளரான ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபுக்கு 'இனி உனக்கு பாடி அடித்துத் தர மாட்டோம்' என்று கதவடைப்பு. மற்றவர்கள் எல்லோரும் சேஸிஸே இல்லாமல் முட்டை ஓடு மாதிரி ஒரே கூடாகக் கார் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் வேறு வழியில்லாமல் தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாக அங்கங்கே செய்து வாங்கி, போல்ட் போட்டு முடுக்கினார்கள். டிசைன், இத்தாலியின் மிக்கலாட்டி. 1959-ல் கார் வெளிவந்தது. இப்படித் துண்டுகளாக இருந்தது, கப்பலேற்றி வெளிநாடுகளில் பூட்டுவதற்கும் தோதாகப் போயிற்று. யாரோ கதவைச் சாத்தியதால்தான் வண்டலூரில் ஒரு கதவு திறந்தது என்று நான் சொன்னால் கொஞ்சம் மிகைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். ஹெரால்டின் பாடி, சேஸிஸின் நடு எலும்பிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவே மெல்லிய தகட்டு வாஷர்களை வைத்து ஏற்றி இறக்கித்தான் கதவுச் சந்தைச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கை உளுத்துவிட்டால் மேலே உள்ள எல்லாம் தொங்கும். எங்கள் காரில் இடதுபக்கக் கை வெள்ளத்துக்குப் பலியாகியிருந்தது. கதவு தொங்கிப்போய், பாவம் மட்கார்டுமேல் பழி.

பாய் கையை வெட்டிப் புதுசு வைத்தார். கதவு எழுந்து நின்றது. மறுபடி மட்கார்டை மாட்டி அளந்தார். ஒன்பது மில்லி, நாலு மில்லி ஆகியிருந்தது. என் பி.காம். மனசு அந்த இடத்தில் விசித்திரமான ஒரு நிம்மதி அடைந்தது. ஒன்பதில் ஐந்து எங்கள் கணக்கு. நாலு அவர்கள் கணக்கு. பேலன்ஸ் ஷீட் டாலி!

ஆக, ஒரு பேனல் சரியில்லை என்று திட்டுவதற்கு முன்னால் கார் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். அதேபோல, 'உங்க கார் கோணல்' என்கிற கடைக்காரரிடம் மீதி நாலு மில்லி எங்கே என்று கேளுங்கள். அதற்கு எனக்கு பதில் வரவில்லை. டிரில் போட்டதும் பெயின்ட் அடித்ததும் வாபஸ் இல்லை என்பது இந்தத் தொழிலின் எழுதப்பட்ட சட்டம். நான் அவசரக்குடுக்கையாக ஹெட்லைட்டுக்கு நாலு ஓட்டை போடச் சொல்லியிருந்தேன்.

'ஒரிஜினல் டையில் அடித்தது' என்று ஒரு முத்திரை இருக்கிறது. அதைப் பார்த்ததும் மயங்குகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1980-ல் நின்றுபோனது. தூக்கிப்போட்ட அதன் டைகளைத் தேடிப்பிடித்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் 1988-ல் முழு பாடியையே புதிதாகச் செய்ய ஆரம்பித்தது. செத்துப்போன காரின் உடம்பு மறுபடி பிறந்தது. அந்த பாடியை ஆதாரமாக வைத்துத்தான் 1992-ல் ரோவர் கம்பெனி ஆர்.வி.8 என்று ஒரு புதுக் காரே விட்டது. நிஜமான சாதனை, தொப்பியைக் கழற்றுகிறேன். ஆனாலும் டை என்பது கல்வெட்டு அல்ல, தேயும். கார் நின்றுபோகும் காலத்திலேயே தேய்ந்திருந்த டையில் அடித்தால், ஆரம்ப வருடத்துக் காருக்கு அது அப்படியே பொருந்தும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அங்கேயும் கடைசி இரண்டு மில்லிக்கு ஒரு பாய் தேவைப்படுவார்.

அட, ஃபாக்டரியிலிருந்து வந்த கார் மட்டும் என்ன பெரிய அரிச்சந்திரனா? அந்தக் காலத்தில் லைன் கடைசியில் ஆட்கள் ரப்பர் சுத்தியலோடு நிற்பார்கள். பொருந்தாத கதவைப் பொருந்தவைப்பதுதான் உத்தியோகம். இணைப்பில் ஈயம் உருக்கி ஊற்றித் தேய்த்து மறைப்பார்கள். அதுவும் நம் ஊரில், கார் புக் பண்ணிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம். டெலிவரி எடுக்கும்போது கதவுச் சந்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தவர் யார்? ஆரத்தி எடுக்கவே நேரம் போதவில்லை. இன்றைய மாருதியையும் ஹுண்டாயையும் பார்த்துப் பழகிய கண்ணோடு 1965-ன் காரில் நூல் பிடித்தாற்போல் மூன்று மில்லி கேட்பது நம் பேராசை. பத்திரிகை அட்டைகளில் வரும் ரெஸ்டோர் செய்த கார்கள் பல, பிறந்தபோது இருந்ததைவிட ஒழுங்காக இருக்கின்றன.

இதுவரை சொன்னது அழகு சம்பந்தப்பட்டது. இனி சொல்லப்போவது உயிர். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டியை நம் ஒர்க்‌ஷாப்புகளில் ரன்னிங் போர்டு என்பார்கள். ஹெரால்டில் அதை போல்ட் போட்டு மாட்டியிருக்கிறது, பாரம் சேஸிஸ்மேல். ஆனால் அம்பாசிடர், பத்மினி, அந்த எம்.ஜி.பி. இவற்றுக்கெல்லாம் தனி சேஸிஸ் கிடையாது. அந்தப் பெட்டிதான் முதுகெலும்பு. அது உளுத்தால் உள்தகடு, வெளித்தகடு எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, கதவை மாட்டிய நிலையிலேயே முட்டுக்கொடுத்துப் புதுசை வெல்டு செய்யவேண்டும். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் கார் நடுவில் தொய்யும். அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் மூடாது. அப்படிச் செய்யாமல், துருமேலேயே மூடி வைத்து ஒட்டுவதற்கென்று தனித் தகடே விற்கிறார்கள். இங்கேயும், இங்கிலாந்திலும். பழைய தகடு 20 கேஜ், சுமார் 0.9 மில்லி என்றால், இந்த மூடிக்கு 22 கேஜ், 0.7 மில்லி போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. பெயின்ட் அடித்தால் மணப்பெண் மாதிரி இருக்கும். உள்ளே எலும்பு கிடையாது. பக்கவாட்டில் ஒரு பைக் வந்து மோதும்போதுதான் தெரியும். மட்கார்டு பொருந்தவில்லை என்றால் அசிங்கம், அவ்வளவுதான். இது மோசடி. வாங்குகிற பழைய கார் எதுவானாலும் அங்கே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் பட்டி. ஒட்டினாலும் திருப்தி அடையாமல் கீழே குனிந்து, அடியிலிருந்து ஒருமுறை பாருங்கள். இடுப்பு வலித்தால் வலிக்கட்டும்.

பட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கோணல் மட்கார்டுகள் உலகம் முழுக்கச் சந்தோஷமாக விற்பனையாவதற்குக் காரணம் யார் தெரியுமா? நம் பாய் மாதிரி ஆட்கள்தான். எவ்வளவு கோணலாக வந்தாலும் தட்டி, வெட்டி, நீட்டி, பட்டி பார்த்துப் பொருத்திவிடுகிறார்கள். கடைசியில் கார் ஜொலிக்கிறது. சொந்தக்காரர் கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார். டிங்கரின் உழைப்பு, தகரத்தின் தரமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. பாய் எனக்குச் சொன்ன கூலி 18,000. 'எனக்கு எதுக்கு சார் பதினெட்டாயிரம்? வந்தது நேரா இருந்தா ரெண்டாயிரம் குடுங்க போதும்.' ஆக, அந்த மட்கார்டின் நிஜமான விலை 41,000 அல்ல. விற்றவர் செய்யாமல் விட்ட 16,000 ரூபாய் வேலையையும் சேர்த்து 57,000.

ஆகவே வாங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'இதை ஒரு காரில் மாட்டிப் பார்த்தீர்களா? போட்டோ இருக்கிறதா?' அதற்கு தகட்டின் கனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போனை வைத்துவிடுங்கள்.

எங்கள் கதை என்னவாயிற்று என்றால், பாய் இரண்டு நாள் அந்த மட்கார்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டார். தூக்கிப் போட்டிருந்த பழைய மட்கார்டை எடுத்துத் துருவைச் சுரண்டி வைத்திருந்தார். 'மேல் பாகம் நல்லா இருக்கு சார். அறுபது வருஷத் தகடு, கோடு பாருங்க, கத்தி மாதிரி. கீழ ஆறு இன்ச்தான் போச்சு. புதுசுல அந்த ஆறு இன்ச் மட்டும் ஒழுங்கா இருக்கு.'

புரிந்துவிட்டது. 41,000 ரூபாய் மட்கார்டின் அடியிலிருந்து ஆறு இன்ச்சை வெட்டிப் பழசின் காலில் ஒட்டினார். வெட்டும்போது நான் வெளியே டீ குடிக்கப் போய்விட்டேன். சும்மா சொல்லக்கூடாது, ஒட்டு எங்கே என்று இன்றைக்கும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடிபட்ட ஒரிஜினல், அடிபடாத டூப்ளிகேட்டைவிட எவ்வளவோ மேல் என்று டிங்கர்கள் சொல்வதை அதுவரை நான் நம்பியதில்லை. மீதி ஃபாரின் மட்கார்டு ஒர்க்‌ஷாப் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. பையன்கள் சாப்பாட்டுப் பாத்திரம் வைக்கிறார்கள்.

கார் வீட்டுக்கு வந்த அன்று மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். பானெட்டைத் திறந்தார், மூடினார். இடதுபக்கம் போய் நின்று, பானெட்டுக்கும் கதவுக்கும் நடுவே இருந்த சந்தில் விரலை வைத்தார். பாய் ஒரு வாரம் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அச்சாக ஒரே அளவாக்கிய சந்து. பாராட்டுக்குத் தயாராகப் பக்கத்தில் நின்றேன்.

விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். முகத்தில் லேசான ஏமாற்றம்.

'நான் வாங்கினப்போவே இங்க என் சுண்டுவிரல் போகும். அடைச்சுட்டீங்களா மாப்பிள்ளை?'